ஆற்றங்கரையில் மனைக்கல் நட்டால் என்ன செய்வது: பாலாற்றுக் கரை ஊர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

விரிஞ்சிபுரத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையில், பாலாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஒரு பக்கம் மலை, நடுவில் கழனி, கீழே தென்னந்தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் வெள்ளை மணல். வருடத்தில் பாதி நாள் ஆற்றில் தண்ணீரே இருக்காது. ஆனாலும் மணலுக்கடியில் ஓடுகிற ஈரத்தில்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன. அந்தத் தோப்பு ஓரத்தில் ஒரு நாள் ஜே.சி.பி. வந்து மண்ணைச் சமன் செய்தது. மறுவாரம் மஞ்சளும் சிவப்பும் பூசிய குத்துக்கற்கள், கலர் கொடிகள், ஆற்றின் பேரைச் சொல்லி ஒரு ‘நகர்’ போர்டு. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களை அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, மனை காட்டினார்கள்.

அன்றைக்கு எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்டோம். அவர்கள் ஒரு ஃபைலைக் காட்டினார்கள், திரும்பி வந்துவிட்டோம். ஃபைலுக்கு ஃபைலால்தான் பதில் சொல்ல முடியும் என்று புரிய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தை மற்ற ஊர்க்காரர்கள் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்த எடுப்பில் யாரும் ஆற்றில் கை வைப்பதில்லை. மலையிலிருந்து இறங்கி ஆற்றில் சேருகிற கானாறு, ஏரி கோடி போனால் தண்ணீர் வழிகிற ஓடை, கழனிக்குப் போகும் வாய்க்கால், இவைதான் முதலில் மறையும். கோடையில் இவை வெறும் பள்ளமாகத்தான் தெரியும். பத்து லோடு கிராவல் கொட்டினால் ரோடு ஆகிவிடும். ஆகவே ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், ஆற்றுக்கு வரும் வழியைப் பாருங்கள்.

1. ஆவேசப்படுவதற்கு முன் இடத்தை நடந்து பாருங்கள்

தனியாகப் போக வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஊரில் வயதான விவசாயி ஒருவரை அழைத்துப் போவது மிக முக்கியம். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் வரும், எந்த வரப்பு வரைக்கும் ஆறு ஏறியது என்பதை அவர் கால் அறியும். நாங்கள் போனபோது, முப்பதடி ரோடு என்று போட்டிருந்த இடத்தில் பெரியப்பா ஒருவர் கைத்தடியைக் குத்தி நின்றார். “நைனா, இது ரோடு இல்லபா. கானாறு. 2021-ல நான் இங்கதான் மாட்ட அவுத்து வுட்டேன், முட்டிக்கு மேல தண்ணி” என்றார். எங்கள் மொத்த வேலைக்கும் ஆரம்பம் அந்த ஒரு வாக்கியம்தான்.

2021 நவம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. பாலாறு, பொன்னையாறு, குடியாத்தம் கவுண்டன்ய ஆறு எல்லாமே கரை தொட்டு ஓடின. அதற்கு முன்னால் 1903 நவம்பரில் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். நடுவில் எத்தனை வருடம் வறண்டு கிடந்தாலும் ஆற்றின் அகலம் அந்த ஒரு நாளில்தான் தெரியும். அதனால் 2021-ல் தண்ணீர் நின்ற இடம் இப்போது மனையாகியிருக்கிறதா என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். அந்த நாட்களில் செல்போனில் எடுத்த படங்கள் ஊரில் யாரிடமாவது கட்டாயம் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததை வாங்காதீர்கள். எடுத்தவரின் போனிலிருந்தே வாங்குங்கள், அதில்தான் தேதி இருக்கும்.

இப்போதைய படங்களை இருப்பிடக் குறியீட்டோடு எடுங்கள். கொட்டிய மண், அடைத்த மதகு, வெட்டிய மரம், நட்ட கல், போர்டில் உள்ள வாசகம், எல்லாவற்றையும் எடுங்கள். போர்டில் அனுமதி எண் போட்டிருந்தால் அதைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. சர்வே எண்ணைப் பிடியுங்கள்

சர்வே எண் இல்லாமல் கொடுக்கிற மனு குப்பைக்குத்தான் போகும். விளம்பர நோட்டீஸிலேயே சில சமயம் இருக்கும். இல்லாவிட்டால் வாங்குகிறவர்போல் கேட்டாலே லேஅவுட் படத்தின் நகல் கொடுப்பார்கள். பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவிலிருந்தும் கண்டுபிடிக்கலாம். அவருடைய எண்ணுக்கு வரைபடம் எடுத்தால் நான்கு பக்கத்து எண்களும் அதில் குறித்திருக்கும்.

பழைய பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம், குடியாத்தம் தாலுகா’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1989-ல் வட ஆற்காடு பிரிந்தது. 2019-ல் வேலூர் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்தன. தாலுகாக்களும் உடைந்தன. நிலம் இப்போது எந்தத் தாலுகா, எந்த வருவாய் கிராமம் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வருவாய் கிராமமும் ஊராட்சியும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. அ-பதிவேடு: ஆறு தன் பெயரில் எழுதி வைத்திருக்கும் சொத்து

தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் அ-பதிவேட்டின், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணும் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராம நிலப் பதிவேட்டின், சாரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

அதில் கவனிக்க வேண்டியது மூன்று இடம். நிலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா) அரசா என்ற இடம். நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்ற இடம். கடைசியில் குறிப்பு என்ற இடம். புறம்போக்கு என்றால் என்ன புறம்போக்கு என்பது குறிப்பில்தான் இருக்கும்: ஆறு, ஓடை, வாய்க்கால், ஏரி, குட்டை, வண்டிப்பாதை, மேய்க்கால். இவற்றில் நீர் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் அது ஆட்சேபகரமான புறம்போக்கு. அதில் பட்டா கொடுக்கக் கூடாது, வரன்முறை செய்யவும் கூடாது.

மனைப்பிரிவுக்கு உள்ளே இருக்கும் எண்களை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் செய்த தப்பு அதுதான். அவர்கள் வாங்கியிருந்த நான்கு எண்களும் சுத்தமான பட்டா புஞ்சை. இரண்டு எண்களுக்கு நடுவில் வால் மாதிரி ஒடுங்கலாக ஒரு தனி எண் ஓடியது. அதைத் தேடிப் பார்த்தால் ‘அரசு, புறம்போக்கு, ஓடை’ என்று மூன்றே வார்த்தை. லேஅவுட் படத்தில் அந்த எண்ணையே காணோம். சுற்றியுள்ள ஒவ்வொரு எண்ணையும் பொறுமையாகப் போட்டுப் பார்த்தால்தான் இது கிடைக்கும். ஒரு நோட்டில் எண், வகை, பரப்பு, குறிப்பு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட்.

4. புலப்படம்: சமையலறை மேஜையில் செய்த வேலை

அதே இணையதளத்தில் எஃப்.எம்.பி. என்கிற புலப்படமும் கிடைக்கும். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு படம். எல்லைக் கற்கள், அவற்றுக்கு இடையிலான தூரம், உட்பிரிவுக் கோடு எல்லாம் மீட்டரில் இருக்கும். பழைய படங்களில் லிங்க் கணக்கு, ஒரு லிங்க் என்பது சுமார் 20 சென்டிமீட்டர்.

எங்கள் வீட்டில் ஐந்து படங்களை பிரிண்ட் எடுத்து, ஓரம் வெட்டி, கல்லுக்குக் கல் பொருத்தி செலோடேப் ஒட்டினோம். அளவுகோல் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1:1000 படத்தையும் 1:2000 படத்தையும் ஒட்டினால் பொருந்தாது. ஒட்டி முடித்ததும் கானாறு மலைப்பக்கம் இருந்து ஆறு வரைக்கும் ஒரே கோடாகத் தெரிந்தது. அதன் மேல் டிரேசிங் ஷீட்டில் வரைந்த லேஅவுட்டை வைத்தோம். ஓடையின் நடுவில் ரோடு, அதன் கீழ்க்கோடியில் ஏழு மனைகள். பத்தாவது படிக்கிற என் மகள்தான் ஸ்கேல் வைத்து அளந்தாள். ஓடை மேலே ஒன்பது மீட்டர் அகலம், ஆற்றில் சேருகிற இடத்தில் பதினான்கு.

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாகப் பார்க்கலாம். அதில் ஓடையின் பச்சைக் கோடு எந்த வருடம் மறைந்தது என்று தெரியும். அது துணைச் சான்றுதான். எல்லை பேசுவது புலப்படம் மட்டுமே. இதில் குழம்பி, செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடப் போகாதீர்கள்.

5. “எங்களிடம் பட்டா இருக்கிறதே” என்றால்

இருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர். சமயத்தில், பல இடங்களில் பதிவுகள் பிசகின. அதற்கு முந்தைய நில வரித்திட்டப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஓடை என்று இருந்து, யு.டி.ஆரில் தனியார் பெயர் ஏறியிருந்தால், அந்த மாற்றத்துக்கு என்ன உத்தரவு என்று கேட்பது உங்கள் உரிமை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இரண்டாவது பிரிவிலேயே ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் படுகைகள் அரசின் சொத்து என்று சொல்லிவிட்டது. ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் 2001-லும், ஜக்பால் சிங் வழக்கில் 2011-லும் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நீர்நிலைகளைத் தனியாருக்குக் கொடுத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. எல்.கிருஷ்ணன் வழக்கில் 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற அரசுக்கு உத்தரவிட்டது. இந்த மூன்று பெயரையும் மனுவில் ஒரு வரியில் எழுதினால் போதும், பக்கம் பக்கமாக வேண்டாம்.

2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கானது. உங்கள் பிரச்சினை ஓடையோ ஆறோ என்றால் 1905 சட்டத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். தவறான சட்டத்தைக் காட்டினால் மனுவைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு வசதியாகிவிடும்.

6. அனுமதியைச் சரிபாருங்கள்

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. நீர்நிலையை ஒட்டிய இடம் என்றால் வெள்ளம் தேங்குமா என்று பார்த்து நீர்வளத்துறை தரும் தடையின்மைச் சான்று வேண்டும். நஞ்சை என்றால் வேளாண் துறையின் கருத்தும் வேண்டும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு ஆகியிருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அங்கே இருக்கும் அனுமதி வரைபடத்தையும் தரையில் நட்டிருக்கும் கல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அனுமதியில் ‘ஓடை’ என்று விட்டிருந்த இடத்தைத் தரையில் மனையாக்கி விற்பதும் நடக்கிறது. அப்படியென்றால் உங்கள் புகார் இன்னும் சுலபம்.

அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு சொல்கிறது. 2017-ல் வந்த வரன்முறை விதிகள் 20.10.2016-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்குத்தான் பொருந்தும், அதிலும் நீர்நிலையில் உள்ளதை வரன்முறை செய்ய முடியாது. ஆகவே சர்வே எண்களோடு சார்பதிவாளருக்கு ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள். ஒவ்வொரு பத்திரம் பதிவாகும்போதும் சிக்கல் ஒரு குடும்பத்தின் தலையில் ஏறுகிறது. அதை நிறுத்துவது எல்லாவற்றையும்விட அவசரம்.

7. தகவல் உரிமை மனு

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆவணத்தைக் கேளுங்கள். தாலுகா அலுவலகத்தில் இப்படி: “இந்தக் கிராமம், இந்தச் சர்வே எண்ணுக்கான அ-பதிவேடு, புலப்படம், பழைய நில வரித்திட்டப் பதிவேடு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள். இந்த எண்ணில் வகைப்பாடு மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அந்த உத்தரவின் நகல்.” நீர்வளத்துறையில்: “இந்த மனைப்பிரிவுக்கு வழங்கிய தடையின்மைச் சான்றும், அதற்கு முன் நடந்த தல ஆய்வு அறிக்கையும்.” நகர் ஊரமைப்பு அலுவலகத்தில்: “அனுமதி வரைபடமும் நிபந்தனைகளும்.” ஒரு மனுவில் எல்லாத் துறையையும் திணிக்காமல் துறைக்கு ஒன்றாக அனுப்புங்கள். ‘அப்படி ஒரு சான்று வழங்கப்படவில்லை’ என்ற ஒரு வரி பதில் வந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் வேறில்லை. எங்களுக்கு வந்தது அதுதான். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறோம்.

8. மனுவும் கிராம சபையும்

திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், ரசீது எண் வாங்காமல் வராதீர்கள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எந்தக் கிராமம், எந்த எண், பதிவேட்டில் என்ன இருக்கிறது, தரையில் என்ன நடந்திருக்கிறது, என்ன செய்ய வேண்டும். கோரிக்கை மூன்று போதும்: அளந்து கல் நடுங்கள், கொட்டிய மண்ணை அகற்றுங்கள், அதுவரை வேலையை நிறுத்துங்கள். யார் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற ஊர்ப் பேச்சை எழுதவே வேண்டாம். நிரூபிக்க முடியாத ஒரு வரி மற்ற எல்லா வரியையும் கெடுத்துவிடும். நகல்கள் கோட்டாட்சியர், வட்டாட்சியர், நீர்வளத்துறை செயற்பொறியாளர் மூவருக்கும் போகட்டும்.

ஜமாபந்தியையும், அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கையையும், விடாதீர்கள். பசலி வருடம் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) ஜூன் 30-ல் முடிவதையொட்டி தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகள் எல்லாம் மேஜைக்கு வரும். அன்று உங்கள் ஊர்க் கணக்கு திறந்திருக்கும்போதே ஓடை எண்ணைக் காட்டிக் கேட்கலாம்.

வருடத்தில் ஆறு கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நீர்நிலைத் தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. சர்வே எண் போட்டுத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். ‘நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பெண்களை அழைத்து வாருங்கள். கணியம்பாடிப் பக்கம் நாகநதியை மீட்க நூறு நாள் வேலையில் உறைகிணறு இறக்கி உழைத்தது பெண்கள்தான். குடத்தோடு நடக்கிறவருக்குத்தான் கிணறு எத்தனை அடி இறங்கியது என்று தெரியும். எங்கள் சபையிலும் தீர்மானத்தை முன்மொழிந்தது ஒரு அக்காதான்.

9. அளக்கிற நாள்

சர்வேயர் வரும் தேதியை எழுத்தில் கேளுங்கள். அன்று ஊர் முழுக்கத் திரண்டு நிற்க வேண்டாம், நான்கைந்து பேர் போதும். அளவு எந்தக் கல்லில் தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். புதிதாக நட்ட மனைக்கல்லில் தொடங்கினால் அங்கேயே மரியாதையாகச் சொல்லுங்கள், “சார், பழைய எல்லைக் கல்லிலிருந்து பிடிங்க” என்று. பழைய கல் புதைந்திருக்கலாம். எங்கள் ஊரில் வேப்பமரத்தடியில் இரண்டடி தோண்டி எடுத்தோம். மேலே அம்புக்குறி வெட்டிய கருங்கல். அதைக் கண்டதும் சர்வேயரே குனிந்து மண்ணைத் துடைத்தார்.

ஆக்கிரமிப்பு என்று உறுதியானால் 1905 சட்டப்படி 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு 6-ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. எதிர்த்தரப்புக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. எனவே நாள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பல ஊர்களில் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள். மாதம் ஒரு முறை போய் ‘எந்த நிலையில் இருக்கிறது’ என்று கேட்டுவர ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

10. அதற்கும் அசையாவிட்டால்

இரண்டு வழி. சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய், வக்கீல் இல்லாமலும் வாதிடலாம். இன்னொன்று உயர் நீதிமன்றம். அதற்கு நீங்கள் ஏற்கனவே அதிகாரிகளிடம் மனு கொடுத்துப் பலனில்லாமல் போனதைக் காட்ட வேண்டும், ரசீதுகள் அங்கேதான் பேசும். பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு நாசமானபோது, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான் வந்தது.

மனை வாங்கப் போகிறவருக்கும், கரையில் ஏற்கனவே குடியிருப்பவருக்கும்

முன்பணம் கொடுக்கும் முன் மேலே சொன்ன 3, 4, 6 மூன்றையும் நீங்களே செய்யுங்கள். அரை நாள் வேலை. வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை என்று வருவதால் அது ஓடை இல்லை என்று ஆகிவிடாது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும், தண்ணீர் வரும் வழியைக் காட்டாது. கடைசியாக, அந்த ஊர்க்காரர் யாரிடமாவது “2021-ல இங்க தண்ணி எவ்வளவு நின்னுச்சு?” என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கரையோரம் வேறு போக்கிடம் இல்லாமல் குடிசை போட்டு வாழ்கிறவரையும், ஓடையை மூடி மனை விற்கிறவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஆக்கிரமிப்புதான். ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் போவது அந்தக் குடிசைகள். உங்கள் மனுவில் அந்தக் குடும்பங்களுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே அகற்ற வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அவர்களிடம் முன்கூட்டியே போய் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் ஊரில் பேசாமல் விட்டோம். எங்களை எதிரியாக நினைத்து ஆறு குடும்பங்கள் மனை போட்டவர் பக்கம் சாட்சி சொல்லப் போனார்கள். அந்த மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை.

எங்கள் கானாற்றில் இப்போது இரு பக்கமும் அரசுக் கல் நின்றிருக்கிறது. கொட்டிய மண்ணில் பாதியை எடுத்துவிட்டார்கள், கீழ்க்கோடியில் நான்கு மனைகள் இன்னும் வழக்கில் இருக்கின்றன. ஐப்பசி மழை தொடங்கியதும் வாரம் ஒரு நாள் இரண்டு பேர் கல்லை எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறோம். பதினெட்டுக் கல். போன வாரம் எண்ணியபோதும் பதினெட்டு இருந்தது.